கீழே நெருப்பு என்றால் மேலே யார்?

ஜரியா நிலக்கரி வயலை வைத்து எழுதப்பட்ட நாவல்களில் இரண்டு அடிக்கடி பேசப்படுபவை. ஒன்று, இந்தி எழுத்தாளர் சஞ்சீவின் 'சாவ்தான்! நீச்சே ஆக் ஹை' (1986). 'எச்சரிக்கை! கீழே நெருப்பு இருக்கிறது' என்று பொருள். இன்னொன்று, இலியாஸ் அகமது கத்தி உருதுவில் எழுதி 1994-இல் வெளிவந்த 'ஃபயர் ஏரியா'. 1996-இல் இதற்கு சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. இரண்டு மொழி, இரண்டு ஆசிரியர்கள், எட்டு வருஷ இடைவெளி. ஆனால் தலைப்பு மட்டும் இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கிறது: சுரங்க நிர்வாகம் தகரத்தில் எழுதி நட்டு வைக்கிற எச்சரிக்கைப் பலகையிலிருந்து.

பலகை யாரிடம் பேசுகிறது என்று கேட்டுப் பார்ப்போம். அது வழிப்போக்கனிடம் பேசுகிறது. சுற்றிக்கொண்டு வேறு பாதையில் போக முடிந்தவனிடம் பேசுகிறது. பலகைக்கு அந்தப் பக்கம் தௌடாவில் குடியிருக்கிறவளிடம் போய், 'அம்மா, கீழே நெருப்பு இருக்குது, ஜாக்கிரதை' என்று சொன்னால் அவள் என்ன சொல்வாள்? 'அதான் தரை சுடுதே, தெரியாமலா இருக்கு' என்பாள். (தௌடா என்பது சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளிகளுக்குக் கட்டிப் போட்ட ஒற்றை அறை வரிசை வீடு. மாட்டுக் கொட்டகை என்று சொன்னால் மாட்டுக்குக் கோபம் வரும்.)

பலகைக்கு இந்தப் பக்கம் நின்று எழுதப்பட்டவற்றைத்தான் இங்கே வாசிக்கப் பார்க்கிறேன். இரண்டு நாவல், இரண்டு சினிமா, கணக்கில்லாத புகைப்படங்கள், கடைசியாக அரசாங்கத்தின் மறுகுடியமர்வுத் திட்டம். திட்டத்தை எதற்கு இலக்கியத்தோடு சேர்க்கிறாய் என்று தோழர்கள் கேட்கலாம். ஜரியாவில் அதிகம் பேருடைய தலையெழுத்தை எழுதிய பிரதி அதுதான் என்பதால் சேர்க்கிறேன்.

முதலில் நெருப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதை மர்மமாக்குவதில்தான் பாதிப் பொய் அடங்கியிருக்கிறது. நிலக்கரியில் காற்றுப் பட்டால் அது மெல்ல ஆக்சிஜனை உறிஞ்சும், உறிஞ்சும்போது சூடாகும். சூடு வெளியேற வழி இருந்தால் ஒன்றுமில்லை. நொறுங்கிக் குவிந்த கரியில் சூடு தங்கும், ஏறும், ஒரு கட்டத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டியதில்லை. இன்றைய ஜார்க்கண்டில், 2000 நவம்பர் வரை பீகாரில் இருந்த தன்பாத் மாவட்டத்தில், ஏறக்குறைய 450 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது ஜரியா வயல். இரும்பாலைக்கு வேண்டிய உயர்தரக் கோக்கிங் கரி இந்தியாவில் கிடைக்கிற இடம். அடுக்குகள் தடிமனானவை, பல இடங்களில் தரைக்குப் பக்கத்திலேயே இருப்பவை. 1890-களில் ரயில் வந்ததும் கம்பெனிகள் இறங்கின. கூரை விழாமலிருக்கக் கரியையே தூணாக நிறுத்திவிட்டு நடுவில் இருப்பதை வெட்டி எடுப்பது அன்றைய முறை. கடைசியில் கிளம்பிப் போகிறபோது அந்தத் தூணையும் சுரண்டிக்கொண்டு போவது முதலாளிகளின் முறை. வெட்டி எடுத்த வெற்றிடத்தில் மணலை நிரப்பினால் கூரை இறங்காது, காற்றும் புகாது. மணலுக்கா பஞ்சம்? தாமோதர் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் மணல் நிரப்பினால் டன்னுக்கு இத்தனை என்று செலவு ஏறும். நிரப்பவில்லை. கூரை இறங்கியது, தரை வெடித்தது, வெடிப்பு வழியே காற்று உள்ளே போனது, விட்டுவைத்த கரி பற்றியது. 1916-இல் பௌரா சுரங்கத்தில் முதல் நெருப்பு பதிவாகிறது. 1939-இல் மணல் நிரப்புவதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டமும் இருந்தது, நெருப்பும் பெருகியது. 1971-72-இல் கோக்கிங் கரிச் சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டு பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்தை உண்டாக்கியபோது வயலில் கணக்கில் வந்த நெருப்புகள் 70.

ஆக ஒவ்வொரு நெருப்புக்கும் ஒரு குழி உண்டு, ஒரு காலம் உண்டு, ஒரு முதலாளி உண்டு. எழுத்தில் வருகிறபோது மட்டும் அது 'நூறு வருஷமாக அணையாத நெருப்பு' ஆகிவிடுகிறது. நூறு வருஷம் என்று சொன்னதும் அது புராணமாகிவிடுகிறது, கடவுள் போட்ட நெருப்பு போல. யார் மணல் நிரப்பவில்லை என்கிற கேள்வி அந்த நூறுக்குள் கரைந்துபோகிறது. அடுத்து வருகிற சொல் 'நரகம்'. பத்திரிகைக்காரர்கள் ஜரியாவுக்குப் போனால் இரண்டாவது வாக்கியத்திலேயே நரகம் வந்துவிடும். நரகம் சாதாரணச் சொல் அல்ல. பாவம் செய்தவன் போகிற இடம் அது. போன ஜென்மத்துக் கணக்குப்படி கொதிக்கிற எண்ணெயில் போடப்படுகிற இடம். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு ஒரு பாவுரிப் பெண்ணின் வாசலுக்குப் போனால், 'நீ அனுபவிக்க வேண்டியதைத்தான் அனுபவிக்கிறாய்' என்று சொல்லாமல் சொன்னதாகிறது. எழுதுகிறவனுக்கு அந்த நினைப்பு இருக்காது என்று வாதாடலாம். நினைப்பில் இல்லாதது மொழியில் இருக்கிறது, அதுதான் வம்பு. யாகத்தில் வளர்த்தால் அக்னி பகவான். தலித் வீட்டுத் தரைக்கடியில் எரிந்தால் வெறும் நெருப்பு. அதற்கு மந்திரமும் கிடையாது, மணலும் கிடையாது.

வீட்டுக்குள் நடப்பது நரக வர்ணனைக்கு அடங்குகிற காரியம் இல்லை. அது பெரும்பாலும் மெதுவாக நடக்கிறது. சுவரில் விரிசல் விடுகிறது. மழை பெய்தால் முற்றத்தில் ஆவி எழும்புகிறது, ஏனென்றால் இறங்குகிற தண்ணீர் கீழே கொதிக்கிறது. கந்தக நாற்றம் தொண்டையை அறுக்கிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள். நாற்றமடிக்கிற வாயுவாவது எச்சரிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பனிக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறபோது அது வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறி வரலாம். கீழே கரி சாம்பலானதும் அந்த இடம் வெற்றிடமாகிறது. வெற்றிடத்தின் மேல் எவ்வளவு நாள் தரை நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2017 மே மாதம், காட்டிலே மேட்டிலே அல்ல, ஜரியா நகருக்குள்ளேயே இந்திரா சௌக்கில் தரை பிளந்து ஒரு தகப்பனும் மகனும் உள்ளே போனார்கள். வெக்கையில் மீட்புக்காரர்களால் நெருங்க முடியவில்லை.

சரி, மேலே இருப்பது யாரு? தொடக்க காலத்தில் குழிக்குள் இறங்கியவர்கள் சந்தால்களும் பாவுரிகளும். பிறகு ஹசாரிபாக், கயா, முங்கேர் பக்கமிருந்து புய்யா, சமார், துசாத், ரஜ்வார், துரி, நோனியா என்று சாதிசாதியாகக் கொண்டுவரப்பட்டார்கள். சர்தார்கள் பிடித்து வந்தார்கள், ஜமீன்தாரி உரிமையை விலைக்கு வாங்கிய கம்பெனிகள் குடியானவனை 'நிலம் வேண்டுமென்றால் குழியில் இறங்கு' என்று நிர்ப்பந்தித்தும் இறக்கின. கரி வெட்டுகிறவனுக்கு மல்கட்டா என்று பேர், வெட்டியதைச் சுமக்கிற பெண்ணுக்குக் காமின் என்று பேர். மேலே அலுவலகத்தில் பேரேடு எழுதுகிறவனும் லத்தி வைத்துக்கொண்டு மேய்க்கிறவனும் வேறு சாதி. பூமியின் அடுக்கும் சாதியின் அடுக்கும் இவ்வளவு பச்சையாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய இடம் வேறு எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வங்காளத்தில் சைலஜானந்த முகோபாத்யாய் 1920-களிலேயே சந்தால், பாவுரித் தொழிலாளர்களை வைத்துக் 'கொய்லாகுட்டி' கதைகளை எழுதினார். நிலக்கரி இலக்கியத்தின் தொடக்கமே இவர்கள்தான். பிறகு நடந்தது என்னவென்றால், கதை பெரிதாகப் பெரிதாக இவர்கள் ஓரத்துக்குப் போனார்கள்.

'காலா பத்தர்' (1979) படத்தை எடுத்துக்கொள்வோம். 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்நாலா சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 370-க்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். அதை மனதில் வைத்து யஷ் சோப்ரா எடுத்த படம். நாயகன் விஜய், கப்பல் கேப்டனாக இருந்தவன், ஆபத்தில் பயணிகளை விட்டுவிட்டு ஓடியவன். அந்தக் குற்ற உணர்ச்சியைக் கழுவக் கரிச்சுரங்கத்துக்கு வருகிறான். கவனியுங்கள், சுரங்கம் அவனுக்குப் பிழைப்பு இல்லை, பிராயச்சித்தம். மற்றவனுக்கு அது தலைமுறைத் தலைமுறையாக வயிற்றுப்பாடு, இவனுக்குக் காசி மாதிரி. அமிதாப் கரி பூசிய முகத்தோடு நிற்கிற நேரத்தில் கரி பூசாமலே கறுத்த ஆயிரம் பேர் துணை நடிகர்கள். இன்னொன்றும் உண்டு. படத்தில் வில்லன் ஒரு பேராசை பிடித்த தனி முதலாளி. சாஸ்நாலாவோ இந்திய இரும்பு எஃகு நிறுவனத்தின் சுரங்கம், அதன் நிர்வாகம் 1972-லேயே அரசின் கைக்கு வந்துவிட்டது. அரசின் பொறுப்பில் நடந்த சாவை எடுத்து ஒரு பிரேம் சோப்ராவின் தலையில் கட்டியதால் தியேட்டரில் கைதட்டல் கிடைத்தது, அரசாங்கம் தப்பித்தது.

'கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்' (2012) அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. அனுராக் காஷ்யப்புக்குத் தன்பாத் என்றால் துப்பாக்கி, பழிக்குப் பழி, கெட்ட வார்த்தை. கரி அங்கே ஒரு சொத்து, அதற்காக ஆண்கள் அடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் மாஃபியா இருந்தது பொய்யில்லை. ஆனால் அதே தன்பாத்தில் ஏ.கே. ராய் என்று ஒருவர் இருந்தார். ரசாயனப் பொறியாளர் வேலையை விட்டுவிட்டு ஒப்பந்தத் தொழிலாளிகளைச் சங்கமாக்கியவர், சிபு சோரனோடும் வினோத் பிகாரி மகதோவோடும் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவைத் தொடங்கியவர், மூன்று முறை அந்தத் தொகுதியின் எம்.பி., 2019-இல் செத்தபோது சொத்து என்று ஒன்றுமில்லாதவர். அவரை வைத்து எந்தக் கதாநாயகனும் படம் பண்ணவில்லை. அவர் சங்கத்தில் கூடிய மனிதர்களை வைத்தா பண்ணப்போகிறார்கள்?

நாவல்களை இந்தச் சினிமாக்களோடு சேர்த்துக் கட்டக் கூடாது. சஞ்சீவ் குல்டி இரும்பாலையில் வேதியியலாளராக வேலை பார்த்தவர், அந்த வட்டாரத்தை உத்தியோகத்தின் வழியாகவே உள்ளிருந்து அறிந்தவர். கத்தி ஜரியாக்காரர். 'ஃபயர் ஏரியா'வின் சகதேவ் கிராமத்திலிருந்து பிழைக்க வந்து குழியில் இறங்குகிறவன். ரஹ்மத் மியான் என்கிற தொழிலாளியின் சாவை நிர்வாகம் மறைக்கிற இடமும், தேசியமயத்துக்கு முன்னும் பின்னும் எது மாறியது, எது மாறவில்லை என்று நாவல் காட்டுகிற விதமும் லேசில் மறக்கக்கூடியவை அல்ல. தேசியமயத்தின்போது பேரேட்டில் உள்ளூர்த் தொழிலாளிகளின் பெயரை அடித்துவிட்டு வெளியிலிருந்து வந்த மேல்சாதிக்காரர்களின் பெயரை ஏற்றினார்கள் என்பது அந்த வட்டாரத்துத் தொழிற்சங்கத்தார் பல காலமாகச் சொல்லிவருகிற குற்றச்சாட்டு. அந்தக் காலத்தை இலக்கியத்தில் பதிவு செய்தவர் என்கிற வகையில் கத்திக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் ஒரு கேள்வி. இரண்டு நாவலும் தலைப்பில் நெருப்பை வைத்திருக்கின்றன. உள்ளே போனால் நெருப்பு எங்கே? சஞ்சீவின் நாவல் சாஸ்நாலாவைப் பொருளாகக் கொண்டது, அங்கே ஆட்களைக் கொன்றது தண்ணீர். கத்தியிடம் கொல்வது கூரை, நிர்வாகம், கூலிப்படை. நெருப்பு இரண்டிலும் குறியீடாக உயர்த்தப்பட்டுவிட்டது: தொழிலாளியின் நெஞ்சுக்குள் கனல்கிற கோபம், என்றாவது வெடிக்கப் போகிற புரட்சி. எனக்கு இது திறமைக் குறைவாகப் படவில்லை. சுரங்க நாவல் என்கிற வடிவமே குழிக்குள் வாழ்கிறது. ஆண் இறங்குகிறான், ஆண் ஏறுகிறான் அல்லது ஏறாமல் போகிறான். சாவு ஷிப்டு நேரத்தில் நடக்கிறது, அதற்குத் தேதி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, விசாரணைக் கமிஷன் இருக்கிறது. நெருப்போ குழியை விட்டு வெளியே வந்து அடுப்படிக்குக் கீழே குடியேறிவிட்டது. அதற்கு ஷிப்டு கிடையாது. அது தின்பது சுவரை, தூக்கத்தை, பிள்ளையின் நுரையீரலை. அதை அறிந்தவள் நாள் முழுக்க அந்தத் தரையில் நிற்கிற பெண். அவள் சொல்லாமல் நெருப்பின் கதை எழுதப்பட வழியே இல்லை. அவளை உட்காரவைத்துக் கேட்காததால் நெருப்பு குறியீடாக மட்டுமே மிஞ்சியது.

அவளைக் கேட்கவில்லை, ஆனால் படம் மட்டும் நிறையப் பிடித்தார்கள். ஜரியா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற படம் ஒன்றுதான்: தலையில் கரிக் கூடை, முதுகுக்குப் பின்னால் தீ நாக்கு, புகைக்கு நடுவே ஒரு பெண். வண்ணம் பிரமாதமாக இருக்கும். உலகமெங்கும் கண்காட்சி வைக்கிறார்கள். படத்துக்குக் கீழே ஊர்ப்பெயர் இருக்கும், புகைப்படக்காரர் பெயர் இருக்கும். அவள் பெயர் இருக்கிற படம் அபூர்வம். சாதி இருக்கவே இருக்காது, 'ஏழைப் பெண்' என்றால் போதுமாம். சில இடங்களில் 'கரி திருடிப் பிழைக்கும்' என்று ஒரு அடைமொழி.

அந்தக் கூடைக்கு வரலாறு இருக்கிறது. 1920 வாக்கில் கிழக்கிந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள். புருஷன் வெட்ட, பெண்டாட்டி சுமக்க, குடும்பமாகக் குழிக்குள் இறங்கினார்கள். 1929 விதியில் தொடங்கிப் பத்து வருஷத்துக்குள் பெண்களைக் குழியிலிருந்து வெளியேற்றினார்கள். பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள், ஆனால் வெளியே மாற்று வேலை கொடுக்கவில்லை. யுத்தம் வந்தது, கரி வேண்டியிருந்தது, 1943-இல் தடையை நீக்கி மறுபடியும் இறக்கினார்கள். 1946-இல் மறுபடியும் ஏற்றினார்கள். தேசியமயத்துக்குப் பிறகு மேல்தளத்தில் எஞ்சியிருந்தவர்களையும், 'நீ விருப்ப ஓய்வில் போ, உன் மகனுக்கோ மருமகனுக்கோ வேலை தருகிறோம்' என்று சொல்லி அனுப்பினார்கள். பாட்டி கூடை சுமந்தாள், அவள் பெயர் தொழிலாளி. பேத்தி அதே கூடையை அதே பாதையில் சுமக்கிறாள், அவள் பெயர் திருடி. கரி அதே கரிதான். கம்பெனி வண்டியில் ஏறினால் உற்பத்தி, இவள் தலையில் ஏறினால் களவு. சைக்கிளில் இருநூறு கிலோவுக்கு மேல் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறானே, அவனுக்கும் இதே பெயர்தான்.

இந்த 1943 விஷயத்தில் நம் பக்கத்திலும் பேசாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அப்போது வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை பாபாசாகேப் அம்பேத்கரிடம் இருந்தது. அந்த வருஷம் டிசம்பரில் அவர் ஜரியா வயலுக்கு வந்து குழிக்குள் இறங்கிப் பார்த்தார், தொழிலாளர் குடியிருப்புகளைப் போய்ப் பார்த்தார். அடுத்த மாதமே, 1944 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. இதை நாம் மேடையில் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். பெண்களைக் குழிக்குள் இறக்கிய உத்தரவும் அதே துறையிலிருந்துதான் வந்தது என்பதைச் சொல்வதில்லை. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் அதைக் கண்டித்துப் பேசியபோது பதில் சொன்னவரும் அவரே. யுத்த கால அவசரம் என்றார், ஆணுக்குச் சமமான கூலி இந்தப் பெண்களுக்கு உறுதி செய்யப்பட்டிருக்கிறது என்றார். சமகூலி என்கிற வார்த்தை அந்தக் காலத்தில் அந்த இடத்தில் ஒலித்தது சின்ன விஷயமில்லை. இருந்தாலும், குழிக்குள் போகிறாயா வெளியே நிற்கிறாயா என்று அந்தப் பெண்களிடம் கேட்டவர் யார் என்கிற கேள்வி அப்படியே நிற்கிறது. இறக்கியபோதும் கேட்கவில்லை, ஏற்றியபோதும் கேட்கவில்லை. பாபாசாகேப்பை வாசிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்து வாசிப்பதால் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இப்போது அரசாங்கத்தின் பிரதிக்கு வருவோம். 1997-இல் ஹராதன் ராய் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கின் நெருக்குதலில் இழுத்து இழுத்து 2009 ஆகஸ்டில் 'ஜரியா மாஸ்டர் பிளான்' அங்கீகரிக்கப்பட்டது. 7,112 கோடி ரூபாய், ஆபத்தான இடங்கள் 595. இந்தப் பிரதியில் நரகம் கிடையாது, குறியீடு கிடையாது, கரடுமுரடான நிர்வாக மொழி. அதனால் நடுநிலையானது என்று எண்ணிவிடக் கூடாது. மனிதர்களை அது இரண்டாகப் பிரித்தது: சட்டப்படி உரிமை உள்ளவர், ஆக்கிரமிப்பாளர். இந்தச் சொல்லைத் தமிழில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் காலகாலமாகக் கேட்டு வருகிற சொல். இப்போது பேச்சைக் கொஞ்சம் நாகரிகமாக்கி 'சட்டப்படி உரிமை இல்லாதோர்' என்கிறார்கள். 2019 கணக்கெடுப்பில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஒரு லட்சத்து ஐந்தாயிரத்தைத் தொடுகின்றன. அதில் உரிமை உள்ளவை ஏறக்குறைய 32 ஆயிரம், இல்லாதவை ஏறக்குறைய 73 ஆயிரம்.

73 ஆயிரம் குடும்பம் ஆக்கிரமித்ததாம். எதை? கம்பெனி ஆள் பிடித்து வந்து தௌடாவில் அடைத்தது. தௌடாவுக்குப் பட்டா யார் கொடுப்பார்? வேலை இருக்கிறவரை குடியிருப்பு, வேலை போனால் ஆக்கிரமிப்பு. பேரேட்டில் பெயரே ஏற்றாமல் ஒப்பந்தக்காரன் வழியாக வேலை வாங்கப்பட்டவனுக்கு முதல் நாளிலிருந்தே அவன் ஆக்கிரமிப்பாளன்தான். உரிமைப் பத்திரம் வைத்திருக்கிறவர் யார் என்று பார்த்தால் நிலம் வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட சாதி எது என்கிற பழைய கேள்விக்குத்தான் போய்ச் சேரவேண்டியிருக்கிறது. திட்டத்தின் இந்த இரண்டு வகைச் சொற்களில் சாதி என்கிற வார்த்தை இல்லை. இல்லாமலே வேலையைச் செய்துவிடுகிறது.

உரிமை இல்லாதவர்களுக்கென்று பேல்கரியாவில் அடுக்கு வீடுகள் கட்டினார்கள். ஜரியாவை விட்டுத் தள்ளி இருக்கிறது, அங்கே வேலை கிடையாது. போனவர்களில் பலர் கூலிக்குத் திரும்பவும் நெருப்பிருக்கிற பக்கத்துக்கே தினமும் வருகிறார்கள். இதை வைத்துக்கொண்டு, 'இவங்களுக்கு வீடு கொடுத்தாலும் போகமாட்டாங்க, கரி திருடறதுதான் இவங்க ஆசை' என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை இல்லாத இடத்துக்குக் குடிபோக மறுப்பதை நடுத்தர வர்க்கத்துக்காரன் செய்தால் யோசித்து முடிவெடுத்தான் என்கிறோம்.

2017 ஜூன் 15 அன்று தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையை நெருப்பு ஆபத்து என்று சொல்லி மூடினார்கள். நாடெங்கும் செய்தி. அதே ஆண்டு ஜரியாவின் ஆர்.எஸ்.பி. கல்லூரியையும் இடம் மாற்றினார்கள். ரயிலையும் கல்லூரியையும் நகர்த்துகிற அளவுக்கு ஆபத்து மெய்யானது என்று அரசே ஒப்புக்கொண்ட வருஷம் அது. பாதையோரத்துக் குடிசைகள் அப்படியே இருந்தன. 2019 பிப்ரவரியில் ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. மூடியபோதும் திறந்தபோதும் பத்திரிகைகள் பேசியது பயணிகளைப் பற்றி. பலகை வழிப்போக்கனிடம் பேசுகிறது என்று முதலில் சொன்னேனே, அதுதான் இதுவும்.

நெருப்பு குறைந்துவிட்டது என்று ஒரு கணக்கு காட்டப்படுகிறது. முன்பு 8.9 சதுர கிலோமீட்டராக இருந்தது, செயற்கைக்கோள் ஆய்வுப்படி 2021 வாக்கில் 27 இடங்களில் 1.8 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டதாம். சுருங்கியிருக்கலாம். எரிகிற அடுக்கைத் திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டி எடுத்துவிடுவது நிறுவனத்தின் முக்கியமான வழி. அணைத்த மாதிரியும் ஆச்சு, கரியும் ஆச்சு. தோண்டுகிறபோது புதிதாகக் காற்றுப் பட்டுப் பக்கத்து அடுக்கு பற்றுகிறது, வெடி வைக்கிற அதிர்ச்சியில் வீடு பிளக்கிறது, தூசி தாங்க முடியவில்லை என்பது அங்கே குடியிருக்கிறவர்களின் புகார். வானத்திலிருந்து பார்க்கிற கருவிக்குச் சூடு தெரியும், இருமல் தெரியாது.

2009 திட்டத்தின் காலம் 2021 ஆகஸ்டில் முடிந்தது. 2025 ஜூன் 25 அன்று மத்திய அமைச்சரவை 5,940 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்தை அங்கீகரித்திருக்கிறது. உரிமை உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வாழ்வாதார மானியம், மூன்று லட்சம் வரை கடன் வசதி என்கிறார்கள். மானியத்தில் இரண்டு வகையையும் ஒன்றாக வைத்தது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. கடன் வேறு விஷயம். அடமானம், அடையாளம், முகவரி என்று கேட்கிற இடத்தில் இந்த 73 ஆயிரம் குடும்பம் எந்தப் பத்திரத்தை நீட்டும் என்று அங்கே வேலை செய்கிற தோழர்கள் இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

மொழிபெயர்ப்பு செய்கிற நண்பர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஜரியாவைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், பரிசு பெற்ற நாவலைத்தான் கை தானாகத் தேடிப் போகும். லிண்ட்சே பார்ன்ஸ் பௌரா சுரங்கத்துப் பெண் தொழிலாளிகளைப் பற்றி 1980-களில் செய்த ஆய்வு இருக்கிறது. 1916-இல் முதல் நெருப்பு பதிவான அதே பௌரா. ஆய்வேடுதான், படிக்கக் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் காமின்களின் வேலையும் போராட்டமும் அதில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கலாம். கத்தியையும் சஞ்சீவையும் அதற்குப் பிறகு வாசித்தால், அவர்கள் எந்த இடத்தில் பலகையோடு நின்றுவிட்டார்கள் என்று நமக்கே தெரியும்.